கிலி என்றால் அங்கே தீவு

சென்ற இதழில், இந்தோனேசியாவின் லொம்போக் என்ற பெரிய தீவின் கரையோரம் இருக்கும் கிலி ஆயிர் என்ற சிறு தீவில் நானும் என் மாமியாரும் பதினோரு நாள் தங்கிவிட்டு வந்ததைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். காரும் மோட்டார் சைக்கிளும் ஓடாத ஊர் என்ற அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பதில்கள் எல்லாம் அந்தத் தீவுக்கே.

*

நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். வீடு அவிநாசி சாலையை ஒட்டி இருக்கிறது. இரவு பகல் ஹாரன் சத்தம். ஒரு வாரமாவது காது ஓய வேண்டும். கிலி தீவுகள் மூன்று என்கிறார்களே, எதற்குப் போவது?
– வாசகி, கோயம்புத்தூர்

கிலி என்றால் நமக்கு நடுக்கம். லொம்போக்கின் சசாக் மக்கள் பேச்சில் அதற்குச் சிறு தீவு என்று பொருள். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் குணம் வேறு வேறு. மேற்கே கடைசியில் இருக்கும் கிலி திராவாங்கான் மூன்றிலும் பெரியது. விடிய விடியப் பாட்டும் மது விடுதிகளும் உள்ள தீவு. உங்களுக்கு அது வேண்டாம். நடுவில் இருப்பது கிலி மெனோ. மிகச் சிறியது, உள்ளே ஓர் உப்பு ஏரி உண்டு, அமைதி நிறைய. ஆனால் கடை கண்ணி குறைவு. இரண்டு நாளுக்கு அது சொர்க்கம். லொம்போக் கரைக்கு மிக அருகில் இருப்பது கிலி ஆயிர். ஆயிர் என்றால் தண்ணீர். சுற்றி வரும் மணல் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நின்று நின்று நடந்தால் இரண்டு மணி நேரம். தீவின் நடுவில் தென்னந்தோப்பும் மாடு கட்டிய வீடுகளும் பள்ளிவாசலுமாக ஊர் ஊராகவே இருக்கிறது. ஒரு வாரத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரைத்தான் சொல்வேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அங்கே சத்தமே இல்லை என்று நினைத்துப் போகாதீர்கள். விடியலுக்கு முன்பே பாங்கு ஒலிக்கும். அதற்கு முன்பே சேவல்கள் தொடங்கிவிடும். நடுச்சாமத்தில் கூரையிலிருந்து ஒரு பெரிய பல்லி, தன் பெயரைத் தானே சொல்வது போல 'டொக்கே, டொக்கே' என்று ஏழெட்டு முறை கத்தும். முதல் இரவு என் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் காலை திண்ணையில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தவர், "என் வளையல் சத்தம் எனக்கே கேட்கிறது" என்றார். எழுபத்து நான்கு வயதில், சாலையோர வீட்டில் நாற்பது வருடம் குடியிருந்தவர் சொன்னது. அந்த வார்த்தைக்காகவே உங்களைப் போகச் சொல்கிறேன்.

துறை இருக்கும் தெற்குப் பக்கத்தையும் கடைகள் நெருங்கிய கிழக்குக் கரையையும் விட்டு, வடக்கிலோ மேற்கிலோ அறை எடுங்கள். இன்னொன்று, பெட்ரோல் வண்டி இல்லையே தவிர மின்சார ஸ்கூட்டர்கள் நிறைய வந்துவிட்டன. சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். தெருவிளக்கு எல்லா இடத்திலும் இல்லை. கையில் டார்ச் இல்லாமல் இரவில் நடக்க வேண்டாம்.

*

சென்னையிலிருந்து எப்படிப் போவது? கடல் பயணம் பாதுகாப்பானதா? எனக்குப் படகு என்றாலே தலை சுற்றும்.
– வாசகர், காஞ்சிபுரம்

கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் மாறினால் லொம்போக்குக்கே விமானம் கிடைக்கும். அங்கிருந்து காரில் பாங்சால் துறை சுமார் இரண்டு மணி நேரம். துறையில் படகுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கக் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால், ஆள் நிரம்பியதும் படகு புறப்படும். கால் மணி, இருபது நிமிடத்தில் கிலி ஆயிர். காய்கறிக் கூடை, முட்டை அட்டை, பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் எல்லாம் உங்களோடு வரும். சில சமயம் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். துறைக்கு வெளியே உங்களை மறித்து அதிக விலைக்குத் தனிப் படகு பேசுவார்கள். நேரே கவுன்ட்டருக்குப் போய்விடுங்கள்.

நாங்கள் போகும்போது பாலியின் பாடாங்பாயிலிருந்து விரைவுப் படகில் போனோம். உங்களுக்கு அது ஒத்துவராது. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவில் இருக்கும் நீரிணை மிக ஆழமானது. பசிபிக் பெருங்கடலின் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்கு வரும் வாசல்களில் அதுவும் ஒன்று. நீரோட்டம் பலமாக இருக்கும். பனியூழியில் கடல் மட்டம் இறங்கியபோதும் அந்தப் பள்ளம் வற்றவில்லை, அதனால் பாலி ஆசியக் கரையோடு சேர்ந்திருந்தும் லொம்போக் தனியாகவே நின்றது. 1856-ல் அந்த வழியாக வந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், இந்தக் கரையில் இருக்கும் பறவைகள் அந்தக் கரையில் மாறிவிடுவதைக் கண்டு வியந்தார். அவர் பெயரால் வழங்கும் வாலஸ் கோடு அந்த நீரிணை வழியாகத்தான் போகிறது. எனக்கு அதை நேரில் பார்க்க ஆசை. படகு பாதி தூரம் போனதும் ஆசையெல்லாம் அடங்கிவிட்டது. என் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை. பகல் ஏற ஏற காற்றும் ஏறும் என்பதை அங்கே தெரிந்துகொண்டோம். விரைவுப் படகுதான் வழி என்றால் காலை முதல் படகில் போங்கள். திரும்பும் நாளன்றே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள், காற்று அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் திரும்பும்போது லொம்போக் வழியாகவே வந்தோம்.

மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே, ஜூன் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் காற்றும் சேர்ந்து வரும்.

*

அந்தத் தீவின் படங்களில் அலங்கரித்த குதிரை வண்டிகளைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெயிலில், அந்த மணலில் குதிரை இழுப்பது கொடுமை அல்லவா? ஏறலாமா, கூடாதா?
– வாசகி, மதுரை

வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையது. நாங்கள் ஒரே ஒரு முறை ஏறினோம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அந்த வண்டிக்கு சிடோமோ என்று பெயர். சிகார், டோகார் என்பவை அங்குள்ள பழைய வண்டி வகைகள். மோபில் என்றால் கார். மூன்றின் முதல் எழுத்துகளும் சேர்ந்து சிடோமோ. கார் ஏன் வந்தது என்றால், சக்கரம் கார் டயர். கார் வராத தீவில் காரின் டயர் மட்டும் வந்து உருள்கிறது. குதிரை நம் ஊர் ஜட்காவில் பூட்டிய மட்டக் குதிரையைப் போலச் சின்னது. அதன் முதுகு என் நெஞ்சுக்குத்தான் வந்தது. நெற்றியில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம், கழுத்தில் மணிகள்.

படகிலிருந்து இறங்கியபோது எங்களிடம் இரண்டு பெரிய பெட்டிகளும் ஒரு கட்டைப்பையும் இருந்தன. நாங்கள் இரண்டு பேர், வண்டிக்காரர், பெட்டிகள். பகல் இரண்டு மணி. பாதி வழியில் தளர்ந்த மணல் வந்தது, சக்கரம் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் குதித்து இறங்கி சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். குதிரை முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உந்தியது. அப்போது வார் சற்று நகர்ந்தது. வார் இருந்த இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு மயிர் உதிர்ந்து, தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதில் ஈ உட்கார்ந்தது. குதிரையால் அதை ஓட்ட முடியவில்லை. தோலை மட்டும் சிலிர்த்தது, ஈ எழுந்து மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தது. என் மாமியார் என்னைப் பார்த்து, "இறங்கு" என்றார். முட்டி வலிக்காரர், மீதி வழியை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தோம். அன்று இரவு பெட்டியைத் திறந்து, எடுத்து வந்ததை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பும்வரை அதில் பாதிக்கு மேல் மடிப்புக் கலையவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாளும் குதிரைகளையே கவனித்தேன். நாம் ஏறுவது சிறு பங்குதான். சிமென்ட், செங்கல், எரிவாயு உருளை, 19 லிட்டர் தண்ணீர்க் குடங்கள், பீர்ப் பெட்டிகள், என் அறையின் மெத்தை என்று தீவில் இருக்கும் ஒவ்வொன்றும் துறையிலிருந்து ஒரு குதிரையின் மூச்சில்தான் வந்திருக்கிறது. வண்டி ஓடாத ஊர் என்று நாம் மகிழ்கிற ஊரில், வண்டியின் வேலையை ஓர் உயிர் செய்கிறது. இது எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டிக்காரர்களைக் கெட்டவர்களாக எண்ணிவிடாதீர்கள். அந்தி வேளையில் கரைக்கு வந்து பாருங்கள். ஒரு நாள் ஓர் இளைஞர் நெஞ்சளவுத் தண்ணீரில் குதிரையை நிறுத்தி, உள்ளங்கையால் கடல்நீரை அள்ளி அள்ளி அதன் கழுத்தில் ஊற்றினார். பிறகு காதுக்குள் தண்ணீர் போகாமல் ஒரு கையால் காதை மடித்துப் பிடித்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் செய்விக்கும் கை அது. அவர் வீட்டு அரிசியும் அந்தக் குதிரையிலிருந்துதான். ஆனால் எல்லாக் குதிரைக்கும் அந்தக் கை வாய்ப்பதில்லை. கிணற்று நீர் உப்புக் கரிக்கும் தீவில் நல்ல தண்ணீர் விலை கொடுத்து வாங்க வேண்டியது. அதில் குதிரையின் முறை கடைசியில் வருகிறது. திராவாங்கானில் இயங்கும் கிலி ஈகோ டிரஸ்ட் குதிரைகளுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்துகிறது. கையில் மிச்சம் இருக்கும் பணத்தை அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் முடிவைக் கேட்டால், நடக்க முடிந்தவர்கள் ஏற வேண்டாம். முதுகில் மாட்டும் பை ஒன்று, அதற்கு மேல் எடுக்க வேண்டாம். துணி துவைத்துத் தருகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். முடியாத பெரியவர் உடன் வந்தால் காலையிலோ மாலையிலோ அவரை மட்டும் ஏற்றுங்கள். ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வார் படும் இடங்களைப் பாருங்கள். புண் இருந்தால் வேண்டாம் என்று சொல்லி, நிழலில் கட்டி நல்லபடியாக வைத்திருக்கும் வண்டிக்கு அந்தக் கூலியைக் கொடுங்கள். துறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருக்குச் சவாரி கிடைத்தது, ஏன் கிடைத்தது என்பது அவர்களுக்குப் புரியும்.

*

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?
– வாசகர், கும்பகோணம்

நேராது. சோயா மொச்சையைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பே எல்லா இடத்திலும் உண்டு. மெல்லிதாகச் சீவிப் பொரித்தால் வாழைக்காய் வறுவலுக்குப் பக்கத்தில் வரும். காடோ காடோ என்பது வேகவைத்த காய்களின் மேல் நிலக்கடலைச் சாறு ஊற்றியது. உராப் என்பது காயும் கீரையும் தேங்காய்த் துருவலும் சேர்ந்தது. நம் பொரியலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம்.

கவனிக்க வேண்டியது தெராசி. இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது. அரைக்கும் மிளகாய்ச் சம்பலில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். லொம்போக்கின் பெயர்பெற்ற பிலெசிங் கங்குங் நம் வள்ளைக்கீரைதான், ஆனால் அதன் மேல் போடும் சம்பலில் தெராசி இருக்கும். 'தன்பா தெராசி' என்றால் தெராசி இல்லாமல் என்று பொருள். எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் அதைச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் தனியாக அரைத்துத் தருவார்கள். பெரிய விடுதிகளைவிட, தீவின் உள்ளே வீட்டு முன்பகுதியில் நடத்தும் வாருங் என்ற சிறு கடைகளில் சாப்பாடு சுவையாகவும் மலிவாகவும் இருக்கிறது.

*

எனக்கு நீச்சல் தெரியாது. ஆமைகளை நீருக்குள் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

முடியும், நான் பார்த்தேன். எனக்கும் தெரியாது. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன், காலையில் மட்டும் இறங்குங்கள். தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் இழுக்கும். பக்கத்துத் தீவு கைக்கெட்டும் தூரம் போலத் தெரிவதை நம்பி நீச்சல் தெரிந்தவர்கள்கூடத் தனியே போகக் கூடாது.

நான் பார்த்தது பச்சை ஆமை. ஓர் ஆள் ஆழத்தில் கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. பசு மேய்வது போலவே தலையைச் சற்று ஒருக்களித்துக் கடித்து இழுத்தது. ஓட்டின் மேல் பாசி படிந்திருந்தது, இரண்டு சின்ன மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. பிறகு அவசரமே இல்லாமல் மேலே வந்து, என்னிடமிருந்து ஒரு கட்டில் நீளத்தில் தலையை நீட்டி மூச்சுவிட்டது. மூச்சுவிடும் சத்தம் கேட்டது! வயதானவர் மாடிப்படி ஏறி முடித்து விடும் பெருமூச்சு. அவ்வளவுதான், மறுபடியும் கீழே போய்விட்டது. அதன் பின்னால் போகாதீர்கள், தொடாதீர்கள். மூச்சு வாங்க வரும் வழியை ஆட்கள் மறித்தால் அது தவித்துப்போகும். பவளத்தின் மேல் காலூன்றவும் வேண்டாம்.

மெனோவின் கரையோரம் நீருக்கடியில் 48 மனித உருவங்களை வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். பவளம் பற்றி வளர்வதற்காக பிரிட்டன் சிற்பி ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர் செய்தவை. பகலில் படகுகள் அங்கே மொய்க்கும். விடிந்ததும் போனால் பார்க்கலாம்.

*

2018-ல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்ததே. பயமில்லையா?
– வாசகர், நாகப்பட்டினம்

நாகப்பட்டினத்திலிருந்து இந்தக் கேள்வி வரும்போது அதன் கனம் எனக்குத் தெரிகிறது.

ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகு வந்தது. அளவு 6.9. அந்த மாதத்து அதிர்வுகளில் லொம்போக் பகுதியில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று கிலிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களைப் படகுகளில் வெளியேற்றினார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாள், சமையலறைச் சுவரில் இன்னும் பூசாமல் விட்டிருக்கும் விரிசலைக் காட்டினார். கை விரல் நுழைகிறது. "மறக்கக் கூடாது என்று அப்படியே வைத்திருக்கிறேன்" என்றார். இரண்டாவது அதிர்வுக்கு முன் மாமனாரைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு ஓடியதையும், மறுநாள் பிற்பகல் வரை தேங்காய்த் தண்ணீரிலேயே இருந்ததையும் சொன்னார். நானும் அந்த அம்மாளும் பாதி கைச்சாடையில்தான் பேசினோம். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

இந்தோனேசியா முழுவதுமே நிலம் அசையும் நாடு. பயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய ஒற்றைத் தள அறையைக் கேட்டு வாங்குங்கள். செருப்பும் டார்ச்சும் கட்டிலுக்கு அருகில் இருக்கட்டும். முதல் நாளே, மேடான திறந்த வெளி எது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

*

பெண்கள் தனியாகப் போகலாமா? உடை?
– வாசகி, சேலம்

போகலாம். தனியாக வந்திருந்த பெண்கள் பலரைப் பார்த்தேன். கடற்கரை உடை கரையோடு இருக்கட்டும். உள்ளே இருப்பது சசாக் முஸ்லிம் மக்களின் ஊர். தோளும் முழங்காலும் மூடிப் போனால் திண்ணையில் உட்கார இடம் கொடுப்பார்கள். ஊரில் காய்ச்சிய அராக் எதையும் எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மெத்தனால் கலந்து உயிர் போயிருக்கிறது.

*

ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். அந்தத் தீவில் இருப்பவர்கள் பேசும் மொழியில் தமிழ்ச் சொல் ஏதாவது இருக்கிறதா?
– மாணவன், காரைக்கால்

இருக்கிறது, தம்பி. இந்தோனேசிய மொழியில் கப்பலுக்குக் கப்பல் என்றேதான் பெயர். நாம் சொல்வதைவிட நடு எழுத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் நம் வணிகர்களோடு போன சொல். எனக்கு இது முன்பே தெரியும். ஆனால் காதால் கேட்டது திரும்பி வரும் நாளில்தான். பாங்சாலுக்குப் போகும் மரப்படகில் உட்கார்ந்துகொண்டு, படகின் விளிம்பைத் தட்டி, "கப்பல்?" என்று படகுக்காரத் தாத்தாவிடம் கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டி, தன் படகைத் தட்டிக்காட்டி, "பெராஹு" என்றார். பிறகு, பாலியிலிருந்து வெள்ளை நுரை கிளப்பிக்கொண்டு வந்த பெரிய விரைவுப் படகைக் கையை நீட்டிக் காட்டி, எனக்குப் பாடம் சொல்வது போல நிறுத்தி, "கப்பல்" என்றார். என் மாமியார் சட்டென்று நிமிர்ந்து, "இவருக்கு எந்த ஊராம், கேள்" என்றார்.